வெற்றுக் குழாயின் சாட்சியம்

மணற்குடி மறுவாழ்வுக் குடியிருப்பில் ரெஜினாள் என்னும் ஐம்பத்திரண்டு வயதுப் பெண் நாள்தோறும் அறுபதாயிரம் லிட்டர் தண்ணீரைத் திருடிக்கொண்டிருந்தாள். குழாயிலிருந்த நீர் அளவி அப்படித்தான் சொன்னது. அளவி சொன்னதற்கு எதிர்ச்சாட்சி கிடையாது என்பது சட்டம். கடல் கரையை விழுங்கத் தொடங்கியபின், உப்பு நீக்கிய நீரைப் பங்கிடும் பொறுப்பைத் தெற்குக் கரை நீர்ப் பங்கீட்டு ஆணையத்திடம் ஒப்படைத்தபோது, சட்டமன்றம் ஒரே குரலில் நிறைவேற்றிய ஒற்றை வரி அது. மனிதர்கள் பொய் சொல்வார்கள், கருவி சொல்லாது என்று அன்று எல்லோரும் நம்பினார்கள். கருவிக்குச் சொல்லிக்கொடுப்பவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

குற்றச்சாட்டு எளிமையானது. மேட்டிலிருக்கும் தொட்டியிலிருந்து மணற்குடிக்குக் காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை தண்ணீர் விடப்படும். பன்னிரண்டு ஆனதும் தொட்டியின் வால்வு தானாக மூடிக்கொள்ளும். ஆனால் தொட்டிக்குச் சற்றுக் கீழே, குழாயின் மீது பொருத்தப்பட்டிருந்த மீயொலி அளவியின் பதிவில் ஒன்றரை மணி வரை நீரோட்டம் இருந்தது. எட்டு மாதங்களுக்கு முன் வீடுகளுக்கும் தனித்தனி அளவி வந்தபோதுதான் வேறுபாடு வெளிப்பட்டது. குழாயில் போனது நூற்றெண்பதாயிரம் லிட்டர். வீடுகளுக்கு வந்தது நூற்றிருபதாயிரம். தானியங்கி வால்வு மூடிய பிறகும் நீர் ஓட வேண்டுமானால், அதன் பக்கத்திலுள்ள கைவால்வை யாரோ திறந்திருக்க வேண்டும். அதன் சாவி வால்வுப் பணியாளர் ரெஜினாளிடம் இருந்தது. ஆணையத்தின் கணினி இவ்வளவுதான் யோசித்தது. அதற்குமேல் யோசிக்க அதற்குக் கற்பிக்கப்படவில்லை, கற்பிக்கப்பட்டவர்களோ யோசிக்கவில்லை.

அன்று மாலை நான்கு மணிக்கு விசாரணை. ரெஜினாள் குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை அவளோடு போகும்: இரண்டு ஆண்டுகளுக்கு அவளுடைய நீர் அட்டை செல்லாது. மறுத்தால் மணற்குடியின் வால்வு தொண்ணூறு நாள் மூடப்படும்; வீட்டுக்கு இரண்டு குடம் வீதம் லாரியில் வரும்.

ஆணையம் தன் நேர்மையைக் காட்டிக்கொள்ள ஒரு சடங்கு வைத்திருந்தது. விசாரணை நாளன்று காலையில் தொழில்நுட்பர் ஒருவர் வந்து அளவியைச் சோதிப்பார். அன்று வந்தவள் சுடலைவடிவு. பத்தரை மணி வெயிலில், இடுப்பளவு ஆழமுள்ள மீட்டர் குழிக்குள் குந்தியிருந்து, சென்சார்களின் அடியில் காய்ந்துபோயிருந்த பசையைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிய பசையைத் தடவிக்கொண்டிருந்தாள். குழியின் விளிம்பில் ரெஜினாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு பெரிய ஸ்பேனர் கிடந்தது.

“நல்லாப் பூசுங்க மேடம். போன தடவ வந்தவரும் பூசிட்டுத்தான் போனாரு. மறுநாளும் நான் அறுவதாயிரம் லிட்டர் திருடிட்டேன்.”

வடிவு குழாய்ச் சுவரின் தடிமனை அளந்தாள். பதிவில் இருந்ததோடு பொருந்தியது. இரண்டு சென்சார்களுக்கும் இடைப்பட்ட தூரம் சரி. அருகில் வளைவில்லை. உட்புறம் உப்புப் படிந்து குழாய் குறுகியிருக்கவில்லை. கீழ்ப்பக்க வால்வை ஒரு நிமிடம் அடைத்து, நிறைகுழாயில் நீர் அசையாமல் நின்றபோது அளவி சுழியம் காட்டியது; திறந்ததும் நாற்பதைத் தொட்டு அசைந்தாடியது. ஒரு மணிக்கு நாற்பதாயிரம் லிட்டர். அவளுக்குத் தெரிந்த சோதனைகள் அனைத்திலும் அந்தக் கருவி தேறிவிட்டது.

“இது எப்பிடித்தான் பாக்குது? குழாய்க்குள்ள ஒண்ணும் போகலையே,” என்றாள் ரெஜினாள்.

“சத்தத்த வச்சுப் பாக்குதுக்கா. நம்ம காதுக்குக் கேக்காத சத்தம். இந்த ரெண்டும் மாத்தி மாத்தி அனுப்பிக்கிடும். தண்ணி போற பக்கமா அனுப்புனா சீக்கிரம் போய்ச் சேரும். எதுத்து அனுப்புனா கொஞ்சம் பிந்தும். அந்த வித்தியாசந்தான் தண்ணியோட வேகம்.”

“தண்ணி இல்லன்னா?”

“காத்துல அந்தச் சத்தம் செத்துரும். மறுபக்கம் போய்ச் சேராது.”

“அப்போ இது என்ன சொல்லும்?”

“சிக்னல் இல்லன்னு சொல்லும்.”

“சொல்லுதா? நீங்க பாத்திருக்கீயளா?”

வடிவு நிமிர்ந்து பார்த்தாள். பதினோரு ஆண்டுப் பணியில் அவள் அதை நேரில் பார்த்ததில்லை. சோதனை என்றால் குழாயில் நீர் ஓட வேண்டும். பணி ஆணையே நீர் விடும் நேரத்துக்குத்தான் வரும். நேரம் முடிந்தால் கைக்கருவி சோதனைப் பக்கத்தைத் தானாக மூடிவிடும். ஆணையத்தின் தொழில்நுட்பர்கள் எல்லோரும் தண்ணீர் ஓடும்போது வந்து, தண்ணீர் ஓடும்போதே போய்விடுபவர்கள்.

“பன்னெண்டு மணிக்கு மேல ஒங்கள்ல ஒருத்தராவது இந்தக் குழிக்குள்ள நின்னிருக்கீயளா?” என்றாள் ரெஜினாள். “எட்டு மாசமா நான் திருடுறதாச் சொல்லுத நேரம் அது. திருடுற நேரத்துல வந்து பாக்காம, திருடாத நேரத்துல வந்து பாத்துட்டு, மிசினு நல்லாருக்குன்னு எழுதிட்டுப் போறீய. அறுவதாயிரம் லிட்டர்னா அஞ்சு லாரி. அஞ்சு லாரித் தண்ணிய நான் எதுல தூக்கிட்டுப் போனேன், இடுப்புலயா?”

பதினொன்றே முக்காலுக்குக் குடியிருப்போர் சங்கத் தலைவர் தொம்மை வந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஒப்புதல் படிவம். குழியைச் சுற்றி வந்து, ரெஜினாளின் முகத்தைப் பார்க்காமல் அவளுடைய ஸ்பேனரைப் பார்த்துப் பேசினார்.

“தங்கச்சி, இருநூத்திப் பத்துக் குடும்பம். கைப்புள்ளக்காரி மட்டும் பதினாலு பேரு. தொண்ணூறு நாளு எப்பிடிச் சமாளிக்க? ஒரு கையெழுத்து. ஒனக்கு வேண்டிய தண்ணிய நாங்க வீட்டுக்கு வீடு ஒரு செம்பு ஊத்துறோம்.”

“திருடிக்கி தருமத் தண்ணியா?”

“நான் அப்பிடிச் சொல்லல.”

“நீங்க சொல்லல அண்ணாச்சி. ஒங்க வீட்டு மதினி சொன்னா. ஞாயித்துக்கெழம கோயில் வாசல்ல வச்சு, எங் காதுபடச் சொன்னா.”

தொம்மை உறையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார். “எடுத்தியோ எடுக்கலையோ, எனக்கு அது வேண்டாம். நாலு மணிக்கு வால்வ மூடுனா மூடுனதுதான். அத மட்டும் யோசி.”

“எடுத்தியோ எடுக்கலையோ வேண்டாமா ஒங்களுக்கு,” என்றாள் ரெஜினாள். குரலை உயர்த்தவில்லை.

பன்னிரண்டு மணிக்கு மேட்டில் மோட்டாரின் முனகல் கேட்டது. வால்வு மூடிக்கொண்டது. குடியிருப்பு பள்ளத்தில் இருப்பதால், குழாயில் மிச்சமிருந்த நீர் கீழ்நோக்கி வழிந்தோட, அதன் இடத்தில் காற்று புகுந்தது. குழாய் ஒருமுறை விக்கி அடங்கியது. கைக்கருவி வழக்கம்போல் சோதனைப் பக்கத்தை மூடியது. வடிவு பெட்டியைக் கட்டவில்லை. அளவியின் சிறிய திரையில் படிந்திருந்த புழுதியைப் புறங்கையால் துடைத்துவிட்டுப் பார்த்தாள்.

40.3.

ரெஜினாள் குழிக்குள் இறங்கி ஸ்பேனரால் குழாயை ஓங்கித் தட்டினாள். நீர் நிறைந்த குழாய் மொத்தென்று ஒலிக்கும். இது கோயில் மணிபோல் நீளமாக ஒலித்தது.

“காலி,” என்றாள் மேலே ஏறியபடி. “கேட்டுதா அண்ணாச்சி? ஒங்க காதுக்குக் கேக்குற சத்தந்தான் இது.”

40.3. ஒரு நிமிடம் கழித்தும் 40.3. ஓடும் நீர் ஒருபோதும் இப்படி நிற்காது. நாற்பதுக்கு மேலும் கீழுமாக அலைந்துகொண்டே இருக்கும். ரெஜினாளுக்கு எதிரான கோப்பில் இருந்த வரைபடம் வடிவுக்கு நினைவு வந்தது: பன்னிரண்டு வரை நடுங்கும் கோடு, அதன்பின் ஒன்றரை வரை, அடிக்கோல் வைத்து இழுத்ததுபோல், அசையாத கோடு. இருநூற்று நாற்பது நாள், ஒரு நாள்கூடப் பிசகாமல், தொண்ணூறு நிமிடம். அவ்வளவு ஒழுங்கான திருடர் உலகத்தில் இல்லை. கோப்பைப் பார்த்தவர்கள் அனைவரும் கூட்டுத்தொகையைப் பார்த்தார்கள், கோட்டைப் பார்க்கவில்லை. அவளும் பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவள்தான்.

அளவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள். நான்காவது பட்டியலின் அடியில் அது இருந்தது.

‘சிக்னல் இழப்பு: கடைசி அளவைப் பிடித்து வை. காலம்: 90 நிமிடம், அதிகபட்சம். அமைத்தவர்: சுடலைவடிவு.’

அந்தக் கடைசிச் சொல் அவளுடைய பெயர்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், நீர் நின்று குழாய் காலியாகும் ஒவ்வொரு நண்பகலிலும் அவள் வேலைபார்க்கும் கோட்டத்தின் அளவிகள் யாவும் ‘சிக்னல் இல்லை’ என்று எச்சரிக்கை அனுப்பிக்கொண்டிருந்தன. உண்மையைத்தான் சொல்லின. ஆனால் ஒவ்வோர் எச்சரிக்கைக்கும் ஆணையம் கோட்டத்துக்குப் போடும் தரப்புள்ளி ஒன்று குறைந்தது. செயற்பொறியாளர் ஹேமச்சந்திரன் ஒரு கூட்டத்தில் வாய்மொழியாகச் சொன்னார்: எல்லாவற்றையும் ‘பிடித்து வை’யில் போட்டுவிடுங்கள், அதிகபட்சமாகப் போடுங்கள். தொழில்நுட்பர்கள் அதற்குப் ‘பூட்டுப் போடுவது’ என்று பெயர் வைத்துச் சிரித்தார்கள். ஒரே வாரத்தில் வடிவு நூற்றுப்பதினான்கு பூட்டுப் போட்டாள். எச்சரிக்கைகள் நின்றன. கோட்டத்துக்குக் கேடயம் கிடைத்தது. குழுப் புகைப்படத்தில் இடது ஓரத்தில் அவள் நின்றுகொண்டிருப்பாள். அதன்பின் அந்தப் பூட்டுகளைப் பற்றி அவள் நினைத்ததே இல்லை.

ஹேமச்சந்திரனை அழைத்தாள்.

“கண்டுபிடிச்சிட்டீங்களா? நல்லது,” என்றார் அவர். “இன்னியிலேர்ந்து அதை எடுத்துடுங்க. ரிப்போர்ட்ல பசை காஞ்சிருந்துச்சுன்னு போடுங்க.”

“எட்டு மாசத்து ரீடிங் சார்?”

“பழசு பழசுதான். அதை மாத்தச் சட்டத்துல இடம் இல்ல.”

“அந்தம்மா ஒரு சொட்டு எடுக்கல. குழாய் காலியா இருக்கு. தட்டிப் பாத்தோம்.”

“தட்டிப் பாத்தீங்க,” என்றார் அவர். அதில் கேலி இல்லை, களைப்புதான் இருந்தது. “வடிவு, நூத்திப்பதினாலு மீட்டர். ஒவ்வொண்ணுலயும் ஒன்றரை மணி நேரம். நாம வருஷா வருஷம் இவ்வளவு தண்ணி குடுத்தோம்னு சொல்றோமே, அதுல மூணுல ஒரு பங்கு இந்தப் பிடிச்சு வச்ச தண்ணிதான். அது பொய்னு ஆச்சுன்னா நாம குடுக்கவே இல்லன்னு ஆகும். திருடிட்டாங்கன்னு ஆச்சுன்னா, குடுத்ததாவது நிஜமாகும்.”

வடிவுக்கு அந்த வாக்கியம் புரியச் சிறிது நேரம் பிடித்தது.

“இதே மாதிரி வேற எங்கயாவது நடந்திருக்கா சார்?”

“மூணு இடத்துல. மூணு பேரும் கையெழுத்துப் போட்டுட்டாங்க. பிரச்சினை இல்ல.”

“ஏன் போட்டாங்க?”

“ஊருக்குத் தண்ணி வேணும்ல.” சற்று நிறுத்தி அவரே தொடர்ந்தார். “இன்னொண்ணு. பூட்டுப் போட்டது உங்க ஐடி. நான் சொன்னது எந்தப் பேப்பர்லயும் இல்ல. தண்ணி திருடினவருக்கும் பொய்யளவு வச்சவருக்கும் சட்டத்துல ஒரே பிரிவுதான். உங்களுக்குத் தெரியாததில்ல.”

இணைப்பைத் துண்டித்தபின் வடிவு குழிக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாள். தண்ணீரே இல்லாத குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, இல்லாத அந்தத் தண்ணீருக்கு ஒரு திருடியை உண்டாக்கி, அந்தத் திருடியின் ஒப்புதலால் இல்லாத தண்ணீரை இருந்ததாக்கும் இந்த ஏற்பாட்டில் ஓர் அழகுகூட இருந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. எவரும் திட்டமிட்டு அதைச் செய்யவில்லை. ஒருவர் தரப்புள்ளிக்காகச் சொன்னார், ஒருத்தி சொன்னதைச் செய்தாள், ஒரு கணினி கூட்டிப் பார்த்தது. ஒவ்வொருவரும் தம் வேலையை மட்டும் பார்த்தார்கள்.

மேலே ஏறிவந்து, ரெஜினாளுக்கு முன்னால் நின்று சொன்னாள். “தண்ணி நின்னாலும் கடைசி அளவையே காட்டுத மாதிரி இதுக்குப் பூட்டுப் போட்டது நாந்தான்.”

தொம்மை இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். ரெஜினாள் குழியைக் கைகாட்டினாள்.

“நாலு வருசத்துக்கு முன்ன, வெயிலு ஸ்கிரீன்ல அடிக்குன்னு இந்தக் குழிக்கு மேல ஒருத்தி கொட பிடிச்சிட்டு நின்னா. நெனவிருக்கா?”

“இருக்குக்கா.”

“அக்கான்னு சொல்லாத.” அவள் ஸ்பேனரைத் தரையில் வைத்தாள், கையில் இருந்தால் ஆபத்து என்பதுபோல் மெல்ல வைத்தாள். “எம் மருமவ புள்ளயத் தூக்கிட்டு அவ அம்மா வீட்டுக்குப் போயி ஆறு மாசமாச்சு. களவாணி கையால எம் புள்ள பாலு குடிக்கக் கூடாதுன்னுட்டுப் போனா. அந்தப் புள்ளைக்கு இப்போ பல்லு மொளச்சிருக்கும். நீ பொத்தான அமுக்கிட்டுப் போயிட்ட. நான் ஒனக்குக் கொட பிடிச்சிருக்கேன்.”

வடிவு மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அதுவும் அந்தப் பெண்ணின்மேல் சுமத்தும் இன்னொரு வேலையாகிவிடும் என்று தோன்றியது.

ஒரு பூட்டைப் போட்டவரே அதை எங்கிருந்தும் எடுக்கலாம் என்ற விதி இருந்தது. புளியமர நிழலில் உட்கார்ந்து, ஒவ்வோர் அளவியாகத் திறந்து, பசை ஒட்டியிருந்த கட்டைவிரலை நூற்றுப்பதினான்கு முறை அழுத்தினாள். காரணம் கேட்ட கட்டத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே வரியை எழுதினாள்: ‘நான் வைத்த பொய்யளவு.’ கடைசிப் பூட்டை எடுத்தபோது மூன்றே முக்கால். அந்த வரியை ஒப்புதலாக எடுத்துக்கொண்ட கணினி, மணற்குடி வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவரின் பெயரைத் தானாக அவள் பெயராக மாற்றியது. தொம்மையின் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த படிவம் செல்லாக் காகிதமாயிற்று.

சமுதாயக் கூடத்தில் திரைக்கு முன்னால் ஒரு நாற்காலி போட்டிருந்தது. சுவரோரங்களில் நூறு பேராவது நின்றார்கள். ரெஜினாளுக்காகப் போட்ட நாற்காலியில் வடிவு உட்கார்ந்தாள். வழக்குகளை விசாரிக்கும் தீர்வாயம் ஒரு கணினி. அதன் குரல் இனிமையானது. இலக்கணப் பிழையில்லாமல் பேசக்கூடியது.

“சுடலைவடிவு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?”

“பொய்யளவு வச்சத ஒத்துக்கிடுதேன்.”

“ஒப்புதல் பதிவாகிறது. எடுக்கப்பட்ட நீரின் மொத்த அளவைக் கூறுங்கள்.”

அவளுடைய கைக்கருவி அதிர்ந்தது. ஹேமச்சந்திரனின் செய்தி: ‘ரீடிங்கில் உள்ள எண்ணைச் சொல்லிவிடுங்கள். ஊருக்கும் தண்டனை இராது, உங்களுக்கும் குறைக்கச் சொல்கிறேன்.’ அந்த எண் அவளுக்கு மனப்பாடம். ஒரு கோடியே நாற்பத்துநான்கு லட்சம் லிட்டர். அதைச் சொன்னால் எல்லாம் முடிந்துவிடும். சொன்னால் அந்தத் தண்ணீர் பிறந்துவிடும். ஓடியதாகவும் வழங்கப்பட்டதாகவும் திருடப்பட்டதாகவும் நிலைத்துவிடும். ஏற்கெனவே கையெழுத்திட்ட அந்த மூன்று பேரும் என்றென்றும் திருடர்களாகவே இருப்பார்கள்.

“ஒண்ணும் எடுக்கல.”

“சுழியம் ஏற்கப்படாது. அளவியின் பதிவுக்கு முரணானது. எடுக்கப்பட்ட நீரின் மொத்த அளவைக் கூறுங்கள்.”

“குழாய்ல தண்ணியே இல்ல.”

“எண் மட்டுமே ஏற்கப்படும். எடுக்கப்பட்ட நீரின் மொத்த அளவைக் கூறுங்கள்.”

“எண்ணச் சொல்லிரும்மா,” என்று பின்னாலிருந்து யாரோ கெஞ்சினார்கள். “ஊரு நல்லாருக்கும்.” தொம்மை திரும்பி அந்தத் திசையை முறைத்தார், பேச்சு அடங்கியது.

வடிவு திரையைப் பார்த்தாள். நான்கு ஆண்டுகளாக அந்தக் குழியிலிருந்த கருவி ஒவ்வொரு நண்பகலிலும் சொல்லியிருக்க வேண்டிய சொல், அவள் விரலால் வாயடைக்கப்பட்ட சொல், அவள் நாக்கில் வந்து நின்றது.

“தெரியாது,” என்றாள்.

குரல் மீண்டும் கேட்டது. மீண்டும் சொன்னாள். மூன்றாம் முறை சொன்னபின் குரல் நின்றுபோயிற்று. திரையில் ஒரு வட்டம் சுழன்றது. பிறகு ஒரு வரி தோன்றியது. முன்வரிசையில் நின்ற ரெஜினாள் எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தாள்.

“‘ஏற்கத்தக்க பதில் பெறப்படவில்லை. பதில் பெறும்வரை கடைசி நிலை தொடரும். மணற்குடி வால்வு: அனுமதி.’” அவள் வடிவைப் பார்த்தாள். “இதுக்கு என்ன அர்த்தம்?”

வடிவுக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. தீர்வாயத்தின் கணினியை அமைத்தவர்களும் ஆணையத்து ஆட்கள்தாம். பதில் வராத இடத்தில் எச்சரிக்கை எழுந்தால் யாருடைய தரப்புள்ளியோ குறையும் என்று அஞ்சி, அவர்களும் தங்கள் வழக்கப்படி ஒரு பூட்டுப் போட்டிருந்தார்கள்.

“நான் எண்ணச் சொல்லுத வரைக்கும் தண்ணி நிக்காது,” என்றாள் மெல்ல.

“அது எத்தன தடவ கேக்கும்?”

வடிவு அந்த வரியின் அடியிலிருந்த பொடி எழுத்தைப் படித்துச் சொன்னாள். “பத்து நிமிசத்துக்கு ஒருக்கா கேக்கும். நான் எந்திரிச்சுப் போனா, பதிவுல இருக்குற எண்ண அதுவே எடுத்துக்கிடும்.”

கூடத்தின் பின்பக்கம் சலசலத்தது. யாரோ மின்விசிறியை நாற்காலியின் பக்கம் திருப்பினார்கள். ரெஜினாள் வெளியே போய், ஒரு சில்வர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள். வைத்த வேகத்தில் பாதி தளும்பி வடிவின் மடியில் சிந்தியது.

“நான் ஒன்ன மன்னிக்கல,” என்றாள். “அத இன்னொரு நாளு பேசுவோம். இப்போ குடி. தொண்ட காஞ்சுரப் போவுது.”

வடிவு குடித்தாள். செம்பைக் கீழே வைப்பதற்குள் குரல் திரும்பி வந்தது, அதே இனிமையோடு.

“எடுக்கப்பட்ட நீரின் மொத்த அளவைக் கூறுங்கள்.”

அவள் வாய் திறக்குமுன் ரெஜினாளின் குரல் கேட்டது. அடுத்த நொடி தொம்மையின் குரலும் சேர்ந்தது. பிறகு கூடம் முழுவதும், ஒருவர் முந்தி ஒருவர் பிந்தி, அந்த ஒரு சொல்லைச் சொல்லத் தொடங்கியது.